ஏ.டி.எச்.டி. உள்ள பெற்றோர் எடைப் பயிற்சியை அலுக்காமல் செய்ய: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம்: வளர்ந்த பிறகு ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிலைக்காமல் சிதறும் தன்மை) இருப்பது தெரியவந்தவர். வேலைக்குப் போகிறார். ஆறு வயதில் ஒரு பிள்ளை, இரண்டு வயதில் ஒரு பிள்ளை. ஜிம்மில் ஓராண்டுச் சந்தா கட்டி மூன்றாவது வாரத்தோடு போவது நின்றுவிட்டது. வீட்டில் டம்பெல் செட் இருக்கிறது, பரணில். "ஆரம்பிக்கும்போது வெறியோடு ஆரம்பிக்கிறேன், பத்தே நாளில் அலுத்துவிடுகிறது. எடைப் பயிற்சியை எப்படி ரசித்துச் செய்வது?"

பத்து நாளில் அலுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எடைப் பயிற்சியின் பலன் கண்ணாடியில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஏ.டி.எச்.டி. உள்ள மூளைக்கு அவ்வளவு தள்ளி இருக்கும் பலன் பலனாகவே தோன்றாது. இந்த நிமிடம் கையில் கிடைக்கும் சுவாரசியம்தான் உடம்பை நகர்த்தும். அதற்கு மேல், எடைப் பயிற்சியின் அமைப்பே இந்த மூளைக்கு எதிரானது. ஒரு செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) நாற்பது விநாடி, பிறகு ஒன்றரை நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் கை போனுக்குப் போகிறது. போனை எடுத்தால் இருபது நிமிடம் போனது தெரியாது. மூன்றாவது செட் நடக்கவே நடக்காது.

"அலுத்தால் தினமும் புதிதாக ஏதாவது செய்யுங்கள்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இந்த அறிவுரையை அப்படியே பின்பற்றித்தான் பலர் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வலு ஏற வேண்டுமென்றால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, அதில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். வாரம் ஒரு புது யூடியூப் வீடியோவைப் பார்த்துச் செய்தால் எந்த அசைவிலும் எடை ஏறாது. ஒவ்வொரு வாரமும் புது இடத்தில் வலிக்கும், அந்த வலியே முன்னேற்றம் என்று தோன்றும். புதுமை வேண்டும், ஆனால் அது சரியான இடத்தில் வேண்டும். ஆறு அசைவுகளையும் அவற்றில் எடை ஏறும் கணக்கையும் மூன்று மாதத்துக்குத் தொடாதீர்கள். எந்த வரிசையில் செய்வது, எங்கே செய்வது, என்ன கேட்டுக்கொண்டு செய்வது, யாரோடு செய்வது, எந்த ஆட்டத்தின் விதிப்படி செய்வது என்பதையெல்லாம் தினமும் மாற்றுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு பிரிவினையை வைத்துச் சொல்வதுதான்.

தொடக்கூடாத ஆறு

ஸ்குவாட், புஷ்-அப், ரோ, டெட்லிஃப்ட், சுமந்து நடப்பது, தலைக்கு மேல் தூக்குவது. இந்த ஆறில் உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் வந்துவிடும்.

ஸ்குவாட்டுக்கு ஒரு டம்பெலை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்னால் கட்டிலோ உறுதியான மர ஸ்டூலோ இருக்கட்டும். பிட்டம் லேசாகத் தொட்டதும் எழ வேண்டும். எவ்வளவு ஆழம் போனோம் என்று யோசிக்கும் வேலையே இல்லை, தினமும் ஒரே அளவு வந்துவிடும். கவனம் சிதறுபவர்களுக்கு இப்படி உடம்புக்குத் தட்டுப்படும் அடையாளங்கள் மிகவும் உதவும்.

புஷ்-அப்பில் பலர் தரையிலேயே ஆரம்பித்து, நான்காவதில் இடுப்பு தொங்கி, நமக்கு இது வராது என்று விட்டுவிடுகிறார்கள். தரையில் செய்யும்போது உடல் எடையில் சுமார் 64 சதவிகிதம் கைகளில் இறங்குகிறது. கைகளை 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஊன்றினால் அது சுமார் 41 சதவிகிதமாகக் குறையும். அதனால் உயரத்தையே எடையாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சமையல் மேடை, பிறகு ஜன்னல் திண்டு, பிறகு கட்டில் விளிம்பு, கடைசியில் தரை. ஒவ்வொரு படியிலும் 12 முறை இரண்டு செட் நேராக வந்த பிறகுதான் அடுத்த படிக்கு இறங்க வேண்டும். வீட்டிலேயே நான்கு நிலை உள்ள ஒரு ஆட்டம் இது. "இன்றைக்கு ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு இறங்கிவிட்டேன்" என்பது கண்ணுக்குத் தெரியும் வெற்றி.

ரோவுக்கு ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகை நேராக வைத்து, மறு கையால் டம்பெலை இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் ஊன்ற வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போய்விடும். டெட்லிஃப்ட் என்றால் இங்கே முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து எழுவது. முதல் வாரம் எடையே வேண்டாம். மாப் கம்பு ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடித்துக் குனியுங்கள். பின்தலை, முதுகின் நடு, இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு ஆகிய மூன்று இடமும் கம்பில் ஒட்டியபடியே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விலகினால் முதுகு வளைகிறது என்று பொருள். அந்த இடத்தோடு நிறுத்தி எழுந்துவிடுங்கள்.

சுமந்து நடப்பதற்குக் கையில் எடையோடு ஹாலின் நீளத்துக்குப் போய் வந்தால் போதும். 30 முதல் 40 விநாடி ஒரு செட். தலைக்கு மேல் தூக்குவதை நின்றபடியே, இரு கையிலும் சம எடையோடு செய்யுங்கள்.

எந்த எடையில் ஆரம்பிப்பது என்றால், 10 முறை தூக்கி நிறுத்தும்போது இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்று தோன்றும் எடை. நாம் அவசரப்படாமலேயே, மேலே வரும் வேகம் தானாகக் குறைய ஆரம்பிக்கிறதே, அந்த இடம்தான் நிறுத்த வேண்டிய இடம். இதற்கு மேல் மல்லுக்கட்டத் தேவையில்லை.

எடை ஏற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க் கடைகளில் டம்பெல்கள் பெரும்பாலும் 2.5 கிலோ இடைவெளியில்தான் கிடைக்கின்றன. 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போவது ஒரேயடியாக 50 சதவிகித ஏற்றம். பத்து முறை தூக்கியவர் நான்கில் நின்றுவிடுவார், மனமும் விட்டுப்போகும். அந்த இடத்தில் எடையை ஏற்றாமல் முறைகளை 12, 15, 18 என்று கூட்டுங்கள். இறக்கும்போது மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். 18 வந்த பிறகு அடுத்த டம்பெலை எடுத்தால் எட்டு முறையாவது வரும். ஸ்குவாட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. பழைய ஸ்கூல் பையை முதுகில் மாட்டி, அதற்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கூட்டுவது. ஒரு பாட்டில் ஒரு கிலோ. டம்பெல் கடையில் கிடைக்காத நுணுக்கம் இதில் கிடைக்கும். பாட்டில்களை முதலில் ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி, முதுகை ஒட்டி வையுங்கள். தளர்வாக விட்டால் குனியும்போது பையின் எடை கழுத்துக்குச் சரியும்.

தாயக்கட்டை விளையாட்டு

இனி மாற்றக்கூடிய பக்கம். அடுத்து எந்த அசைவு என்பதை உருட்டி முடிவு செய்யலாம். ஆறு பக்கப் பகடையைவிடத் தாயக்கட்டை இதற்கு நன்றாகப் பொருந்தும். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ 4 வழி. இரண்டும் நான்கும் விழ மும்மூன்று வழி. தாயமும் ஐந்தும் விழ இவ்விரண்டு வழி. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி. அதாவது எல்லா எண்ணும் ஒரே அளவில் வராது. எந்த அசைவு அதிகம் வர வேண்டுமோ அதை அதிகம் விழும் எண்ணுக்குக் கொடுத்துவிடலாம்.

மூன்று விழுந்தால் ஸ்குவாட். இரண்டு விழுந்தால் புஷ்-அப். நான்கு விழுந்தால் ரோ. தாயம் விழுந்தால் டெட்லிஃப்ட். ஐந்து விழுந்தால் சுமந்து நடப்பது. ஆறு விழுந்தால் தலைக்கு மேல் தூக்குவது. பன்னிரண்டு விழுந்தால் பிள்ளை சொல்வதைச் செய்ய வேண்டும்: கரடி நடை, தவளைத் தாவல், உப்பு மூட்டை, எதுவானாலும்.

இதை வெறும் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட்டால் ஒரு வாரம் முழுக்க ரோவே வராமல் போகலாம். அதனால் வாரத்துக்கு ஒரு தாளில் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: ஸ்குவாட் 6, புஷ்-அப் 6, ரோ 6, டெட்லிஃப்ட் 4, சுமந்து நடப்பது 4, தலைக்கு மேல் தூக்குவது 2. மொத்தம் 28 கட்டம். ஒரு செட் முடிந்தால் ஒரு கட்டத்தை வண்ணம் தீட்ட வேண்டும். அந்த வேலையை ஆறு வயதுக்காரரிடம் கொடுங்கள். ஒரு அசைவின் கட்டங்கள் நிரம்பிவிட்டால் அந்த எண்ணுக்கு மறுபடி உருட்டலாம். ஒரே எண் அடுத்தடுத்து விழுந்தாலும் மறுபடி உருட்டுங்கள், அந்தத் தசைக்கு ஓய்வு வேண்டும். வாரத்தின் கடைசி நாள் கட்டையை எடுத்து வைத்துவிட்டு, காலியாக இருக்கும் கட்டங்களை மட்டும் நிரப்புங்கள்.

28 முறை உருட்டினால் சராசரியாக மூன்று 7 முறையும், இரண்டும் நான்கும் ஐந்தைந்து முறைக்குச் சற்று மேலும், தாயமும் ஐந்தும் மூன்று நான்கு முறையும் விழும். கட்டங்களின் எண்ணிக்கை அந்தக் கணக்கை ஒட்டித்தான் போட்டிருக்கிறது. அதனால் கட்டையோடு சண்டை போட வேண்டியிருக்காது, வாரக் கடைசியில் ஓரிரு கட்டம்தான் பாக்கி இருக்கும்.

இந்த ஆட்டம் ஓய்வு நேரத்தின் சிக்கலையும் தீர்க்கிறது. உருட்டுவது, எண்ணைப் பார்ப்பது, வண்ணம் தீட்டுவது, அடுத்த எடையைக் கையில் எடுப்பது, இதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது, போன் தேவைப்படாது. கால் வேலை செய்த பிறகு கை, தள்ளிய பிறகு இழுப்பது என்று அசைவு மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு செட்டுக்கும் இடையில் நீண்ட ஓய்வும் வேண்டாம். ஒன்பது, பத்துக் கட்டம் நிரப்ப 16, 17 நிமிடம் ஆகும். மூன்று நாளில் வாரம் முடிந்தது.

முதல் இரண்டு வாரம் மட்டும் பாதிக் கட்டங்கள், 14 போதும். இதை மீறாதீர்கள். இந்த மூளைக்குப் புது விஷயம் கிடைத்தால் முதல் நாளே ஒரு மணி நேரம் போகும். இரண்டாம் நாள் படியில் இறங்க முடியாது; தசை வலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பிள்ளையைத் தூக்க முடியாத அளவுக்கு வலித்தால் மூளை அந்த டம்பெலை வலியோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும், பிறகு பக்கத்தில் போக விடாது. இன்னும் செய்யலாம் போலிருக்கும்போதே நிறுத்துவதுதான் அடுத்த நாளுக்கான தூண்டில். பழக்கமில்லாதவர்கள் ஆவேசத்தில் முதல் நாளே நூறு, இருநூறு பஸ்கி எடுப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கடுமையான வலியும் வீக்கமும் வந்து சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாயம் அலுக்கும். மூன்று நான்கு வாரத்தில் நிச்சயம் அலுக்கும், அதை முன்கூட்டியே எதிர்பார்த்து இருங்கள். அலுத்ததும் ஆட்டத்தை மாற்றுங்கள், கட்டத் தாளை மாற்றாதீர்கள். சீட்டுக்கட்டை எடுத்து ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு அசைவு வைக்கலாம். ஐ.பி.எல். நடக்கும் மாதங்களில் டி20 போட்டியே நல்ல கடிகாரம்: இரண்டு ஓவருக்கு ஒரு கட்டம் என்றால் ஒரு இன்னிங்ஸில் பத்துக் கட்டம் நிரம்பிவிடும், விக்கெட் விழுந்தால் ஒன்று கூடுதல். குக்கர் விசிலும் அப்படித்தான், விசிலுக்கு ஒரு செட். டம்பெல் அடுப்பங்கரைக்கு வெளியே, ஹாலில் இருக்கட்டும். ஆனால் பால் காய்ச்சும் நேரத்தைப் பயிற்சியோடு முடிச்சுப் போடாதீர்கள். குக்கர் கூப்பிடும், பால் கூப்பிடாது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் எந்த வேலையைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் இதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: அது சத்தம் போட்டு நம்மை அழைக்குமா, இல்லை நாமே ஞாபகம் வைத்திருக்க வேண்டுமா?

கேட்பதற்கும் இதே விதி. ஒரு தொடர் பாட்காஸ்டையோ ஒலிப்புத்தகத்தையோ எடை தூக்கும்போது மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டால், அடுத்த அத்தியாயம் உங்களை டம்பெல் பக்கம் இழுக்கும். எதைக் கேட்பது என்று அந்த நேரத்தில் தேட ஆரம்பித்தால் மட்டும் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். முந்தின இரவே தேர்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும்படி வைத்துவிட வேண்டும்.

பிள்ளைகளோடு

பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யலாம் என்ற திட்டம் பெரும்பாலும் நடப்பதில்லை. அவர்கள் தூங்கும்போது பெற்றோரின் கவனச் சக்தியும் தீர்ந்திருக்கும். அவர்களை ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்வது எளிது. கூட ஒருவர் இருந்தால் வேலையில் நிலைப்பது ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். அந்த ஒருவர் ஆறு வயதாக இருந்தாலும் போதும். எண்ணும் வேலையையும் அவரிடமே விட்டுவிடலாம். நீங்களே எண்ணுவதானால் பத்திலிருந்து கீழே எண்ணுங்கள். மேலே எண்ணும்போது ஆறா ஏழா என்று தொலைந்துபோகும் கணக்கு, கீழே இறங்கும்போது அவ்வளவாகத் தொலைவதில்லை.

உப்பு மூட்டை சுமப்பது அருமையான ஸ்குவாட். ஆறு வயதுப் பிள்ளை 18, 20 கிலோ இருக்கலாம், அந்த எடைக்கு டம்பெல் வாங்கினால் கணிசமான செலவு. ஆனால் பிள்ளை அசையும் எடை. கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் தோள்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னால் கை எட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். பாதி ஆழம் போதும், ஐந்தாறு முறை போதும். தலைக்கு மேல் தூக்குவதைப் பிள்ளையை வைத்துச் செய்ய வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம்: ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மணிக்கட்டையோ ஒரு கையையோ பிடித்துத் தூக்குவதும் ஊஞ்சல் ஆட்டுவதும் கூடாது. முழங்கை மூட்டில் எலும்பு நழுவிவிடும். அக்குளுக்குக் கீழே, விலாவைச் சுற்றிப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

சுமந்து நடப்பதற்குப் பிள்ளைகள் விரும்புவது வாளி. இரண்டு வாளியில் ஆறேழு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மொட்டை மாடியில் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். சிந்துகிறதா என்று பார்க்கும் நடுவர் பிள்ளை. சிந்தாமல் நடக்க வேண்டும் என்றாலே வயிற்றுத் தசை தானாக இறுகும், "வயிற்றை இறுக்குங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் இதைச் செய்தால் வழுக்கி விழ நேரும். உள்ளேயே செய்ய வேண்டியிருந்தால் தண்ணீருக்குப் பதில் ஐந்து கிலோ அரிசிப் பைகளை வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி மாட்டியிருக்கும் காது அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு வயதுப் பிள்ளைதான் உண்மையான கவலை. உருளும் டம்பெலுக்கும் அந்த விரல்களுக்கும் நடுவே எந்தப் பாதுகாப்பும் இல்லை. புதிதாக வாங்குவதானால் உருளாத அறுகோண டம்பெல் வாங்குங்கள். ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும் ஆழமான மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் கட்டையை உருட்ட வேண்டும் என்பதையே ஆட்ட விதியாக்குங்கள். அவர் நடமாடும்போது தலைக்கு மேல் தூக்குவதை விட்டுவிட்டுச் சுவரில் கை ஊன்றும் புஷ்-அப் செய்யலாம். தாயக்கட்டையும் வாயில் போடக்கூடியதுதான். ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

நேரத்தைப் பற்றி

"காலை ஐந்தரைக்கு எழுந்து செய்வேன்" என்பது இரவில் போடும் திட்டம். இரண்டு வயதுப் பிள்ளை இரவில் இருமுறை எழுந்தால் அது அன்றைக்கே உடைந்துவிடும். கடிகார நேரத்துக்குப் பதிலாக ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல் வேன் கிளம்பியதும், அல்லது ஆபீஸிலிருந்து வந்து பையைக் கீழே வைத்ததும். சோபாவில் உட்கார்ந்த பிறகு எழுவது கடினம். பையை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே டம்பெல் பெட்டி இருக்க வேண்டும்.

பரணில் இருக்கும் டம்பெல், கட்டிலுக்கு அடியில் இருக்கும் டம்பெல் இரண்டும் இல்லாத டம்பெல்தான். கண்ணில் படாதது மனத்தில் இருக்காது என்பது இந்த மூளையின் அடிப்படைக் குணம். உடையையும் யோசியுங்கள். நைட்டி, வேட்டியோடு ஸ்குவாட் செய்தால் ஓரம் குதிகாலுக்கு அடியில் மாட்டும். உடை மாற்றப் போனால் அலமாரித் துணிகளை மடிப்பதில் நேரம் போய்விடும். இரவே டிராக் பேன்ட்டோடு படுத்துக்கொள்வது இதற்கு எளிய தீர்வு.

முடிவு நேரத்தையும் கட்டிப்போட வேண்டும். போன் டைமர் வேண்டாம், அதை நிறுத்தப் போகும் கை வாட்ஸாப்புக்குள் போய்விடும். சமையலறையில் திருகி வைக்கும் டைமரோ, சாதாரண டிஜிட்டல் கைக்கடிகாரமோ போதும். 17 நிமிடத்தில் மணி அடித்தால் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். முடியும் நேரம் உறுதியாகத் தெரிந்தால்தான் மனம் ஆரம்பிக்கச் சம்மதிக்கும்.

எல்லா நாளும் 17 நிமிடம் கிடைக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாதக் கடைசி வேலை, உறவினர் வருகை. அந்த நாட்களுக்கு ஒரே ஒரு கட்டம். ஒரே ஒரு முறை உருட்டி, விழுந்ததைச் செய்து, வண்ணம் தீட்டி, முடித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு கட்டத்தால் தசை வளராது என்பது சரிதான், ஆனால் ஆட்டம் இன்னும் நடக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்க அது போதும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையே வளர்ந்தவர்களுக்கு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. மூன்றில் ஒரு நாள் போனால் வாரம் போகவில்லை.

உடையும் இடங்கள்

திருகு போட்டு வட்டுகளை மாற்றும் டம்பெல் செட் விலைக்கு நல்லது, ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் வட்டு மாற்ற இரண்டு நிமிடம் ஆகும்; அந்த இரண்டு நிமிடம்தான் கவனம் கழன்றுபோகும் இடம். ஒன்றில் கனமாக, இன்னொன்றில் இலேசாக வட்டுகளை மாட்டி ஒரு மாதத்துக்கு அப்படியே விட்டுவிடுங்கள். கனமானதில் ஸ்குவாட், ரோ, டெட்லிஃப்ட், சுமப்பது எல்லாம் ஒரே எடையில், முறைகளை மட்டும் மாற்றி. இலேசானதில் தலைக்கு மேல் தூக்குவது மட்டும், இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து. வட்டுகளை இறுக்கும் நட்டு ஒவ்வொரு செட்டிலும் கொஞ்சம் தளரும். தலைக்கு மேல் தூக்கும் முன் திருகிப் பார்ப்பது கட்டாயம். பிளாஸ்டிக் நட்டு உள்ள மலிவு செட்டைத் தலைக்கு மேல் கொண்டுபோகவே வேண்டாம்.

போன தடவை எத்தனை கிலோ, எத்தனை முறை என்பது ஞாபகம் இருக்காது. ஆப்பில் பதிவு செய்யப் போனால் மறுபடி போன். டம்பெல் பிடியில் காகித டேப் ஒட்டி, பேனாவால் "ஸ்குவாட் 14" என்று எழுதுங்கள். அடுத்த முறை கையில் எடுக்கும்போதே இலக்கு கண்ணில் படும்: 15.

புதுச் சாமான் வாங்கும் ஆசை பெரிய பொறி. கெட்டில்பெல், பெஞ்ச், கையுறை என்று தேடும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்த நிறைவையே கொடுத்துவிடும். நூறு கட்டம் நிரம்பினால் ஒரு பொருள் வாங்கலாம் என்று விதி வையுங்கள். ஜிம்முக்கு மறுபடி போக நினைத்தால் மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள், கணக்கில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணும் முறையைத் தவிர்க்கச் சொல்வேன். 19 நாள் வந்து 20ஆம் நாள் அறுந்தால் எண் பூஜ்யத்துக்குப் போகும், அதோடு எல்லாம் போகும். அதற்குப் பதில் ஒரு கண்ணாடி ஜாடி. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை. விழும்போது "டிங்" என்று கேட்கும் அந்தச் சத்தமே உடனடிப் பரிசு. ஜாடியில் ஏறும், ஒருநாளும் இறங்காது. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருப்பதால் ஜாடியும் கொட்டைகளும் உயரமான அலமாரியில். தொண்டையில் சிக்கும் அளவு அது.

மாத்திரை, சாப்பாடு

ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸெட்டின் இரண்டுமே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்று ஏற்றக்கூடும். எடைப் பயிற்சி ஆரம்பிப்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்லி ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், மேலே எழும்போது ஊதிவிடுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபின் பொடிகளை இந்த மாத்திரைகளோடு சேர்க்க வேண்டாம். நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். பயிற்சி நல்லது என்பதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் கூடாது. உடற்பயிற்சி ஏ.டி.எச்.டி.க்கு எந்த அளவு உதவும் என்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை ஓட்டம், சைக்கிள் போன்றவற்றைப் பற்றியவை. எடைப் பயிற்சிக்கு அதையே அப்படியே சொல்லிவிட முடியாது.

மெத்தில்ஃபெனிடேட் எடுப்பவர்கள் பலருக்கு மதியம் பசி எடுக்காது. அதனால் புரதம் குறையும், செய்த வேலை தசையாகாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே, காலைச் சாப்பாட்டிலேயே அந்தப் புரதத்தில் பாதியை உள்ளே தள்ளிவிடுவது நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம், 50 கிராம் உலர்ந்த சோயாவில் சுமார் 25 கிராம். இரண்டு இட்லியும் சட்னியும் மட்டும் சாப்பிட்டால் ஐந்தாறு கிராம்கூடத் தேறாது.

பிரசவமாகி சில மாதங்களே ஆனவர்கள், சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே டம்பெல் எடுக்க வேண்டும். தூக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்படித் தசைக்கு பிசியோதெரபி இருக்கிறது, நன்றாகவே சரியாகும்.

எப்படியும் ஒருமுறை இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும். அப்போது புதுத் திட்டம் தேடாதீர்கள், அதே கட்டத் தாளை எடுங்கள். எல்லா அசைவிலும் ஒரு படி குறைந்த எடை, கட்டங்கள் பாதி, ஒரே ஒரு வாரம். புஷ்-அப் கட்டிலில் நின்றிருந்தால் ஜன்னல் திண்டுக்கு ஏறிக்கொள்ளுங்கள். இழந்த வலு முதல் முறை எடுத்த நேரத்தைவிட வேகமாகத் திரும்பிவிடும். ஜாடியில் முன்பு போட்ட புளியங்கொட்டைகள் அப்படியே இருக்கும், அதன் மேலேயே அடுத்ததைப் போடுங்கள்.